பெற்றோல் விலை ஏறுவதும் இறங்குவதும்



எரிபொருள் விலையை மாதந்தோறும் திருத்தும் வழக்கம் வந்த பின்னர், மாத முடிவின் இரவுகளில் நிரப்பு நிலையங்களின் முன்னே ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். விலை கூடப்போகிறது என்ற பேச்சுப் பரவினால் மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் வீதி வரை வரிசையாய் நிற்கும். குறையப்போகிறது என்ற பேச்சு வந்தாலோ அதே நிலையம் ஆளரவமின்றிக் கிடக்கும்.

எமது பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் ஒருநாள் வாயிலில் என்னை மறித்து, "சேர், உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். எங்கள் செற்றில் மட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார். வானொலியையே அவர் சாட்சிக்கு இழுத்தமையால், விடையையும் வானொலியிலே சொல்வதுதான் முறையென்று எண்ணினேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. எண்ணெய் வணிகம் பீப்பாய் என்னும் அளவையால் நடைபெறுகிறது. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 159 லீற்றர் கொண்டது. மண்ணிலிருந்து எடுத்தபடியே விற்கப்படும் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 100 டொலர் என வைத்துக்கொண்டால், ஒரு லீற்றர் 63 அமெரிக்கச் சதமாகும். டொலர் ஒன்று 200 ரூபாவாக இருக்கையில் அந்த லீற்றரின் விலை 126 ரூபா. டொலர் 360 ரூபாவாகிவிட்டால் அதே லீற்றர் 226 ரூபா. எண்ணெய்க் கிணற்றில் யாதொரு மாற்றமுமில்லை. விற்றவன் ஒரு சதமேனும் கூட்டிக் கேட்கவில்லை. ஆயினும் 100 ரூபா ஏறிவிட்டது.

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கன்று. 2008 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 147 டொலர் வரை உயர்ந்தது. அக்காலத்தில் டொலர் ஏறக்குறைய 108 ரூபா. ஆகவே ஒரு லீற்றர் மசகு எண்ணெய் 100 ரூபாவுக்கு வந்தது. 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பீப்பாய் ஏறக்குறைய 120 டொலர்தான். ஆனால் டொலரோ 360 ரூபா. ஆதலால் லீற்றர் ஒன்று 270 ரூபாவாயிற்று. டொலரில் மலிந்த எண்ணெய் ரூபாவில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிநின்ற விந்தை இதுவே. 2022 இன் விலையேற்றத்துக்கு உக்ரேயின் போரை மட்டும் காரணங் கூறுவோர், வீட்டுக்குள் எரிந்த நெருப்பை விட்டு அயலூர்ப் புகையைக் காட்டுகின்றனர் என்பேன்.

அவ்வாண்டின் விலைகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 92 ஒக்டேன் பெற்றோல் 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபா. 2022 மார்ச் மாதத்தில் 254, ஏப்பிரலில் 338, மே மாதத்தில் 420, யூன் முடிவில் 470. அதே காலத்தில் மசகு எண்ணெய் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவும், டொலர் ஒன்றேமுக்கால் மடங்காகவும் உயர்ந்தன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகின. இந்தப் பெருக்கலே சாமானிய மனிதனின் சட்டைப்பையைக் கிழித்தது.

இனி, மசகு எண்ணெயின் விலைதான் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை? இதனை யாழ்ப்பாணத்து வெங்காயச் சந்தையில் நின்றே விளங்கிக்கொள்ளலாம். மழை பிழைத்து விளைச்சலிற் சிறு பங்கு குறைந்துவிட்டால், விலையும் அதே சிறு பங்கு ஏறி நின்றுவிடுவதில்லை. கறிக்கு வெங்காயம் வேண்டாமென்று எவரும் சொல்லாதபடியால், கிடைத்ததை வாங்க எல்லாரும் முண்டியடிக்க, விலை இரட்டிக்கும். பெற்றோலும் அத்தகையதே. விலை ஏறியதென்பதற்காகத் தாதி வைத்தியசாலைக்குச் செல்லாதிருக்க முடியாது. 1973 ஒக்டோபர்ப் போரின்போது அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு எண்ணெயை மறுத்தன. குறைந்தது சிறு பங்கேயாயினும், பீப்பாய் 3 டொலரளவில் இருந்த விலை 1974 சனவரியில் 12 டொலரை எட்டியது.

தட்டுப்பாடு வந்துதான் விலை ஏறவேண்டுமென்பதில்லை. வரலாமென்ற அச்சமே போதும். 2023 இல் உலகம் நுகர்ந்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஈரானுக்கும் ஓமானுக்கும் இடைப்பட்ட ஹோர்முஸ் நீரிணையூடாகக் கப்பலேறிச் சென்றது. அந்த ஒடுங்கிய கடலிலே பதற்றம் எழுந்தால், கப்பல் ஒன்றேனும் தடைப்படுமுன் விலை ஏறத் தொடங்கிவிடும். அரிசிக் கடைக்காரர் தம் களஞ்சியத்தில் இருக்கும் மூட்டையை, அதனை வாங்கிய விலையைக் கொண்டன்று, அடுத்த மூட்டையை வாங்கவேண்டிய விலையைக் கொண்டே விற்பார். எண்ணெய் வணிகரும் அவ்வாறே.

இதற்கு மறுதலையான வேடிக்கையும் நிகழ்ந்ததுண்டு. கொவிட் நோயினால் உலகம் கதவடைத்திருந்த 2020 ஏப்பிரல் 20 ஆம் நாள், அமெரிக்க மசகு எண்ணெயின் அடுத்த மாத ஒப்பந்த விலை பூச்சியத்துக்குக் கீழே, பீப்பாய்க்கு 37 டொலருக்கும் மேலாக விழுந்தது. தாங்கிகள் நிறைந்து வழிந்தமையால், எண்ணெயோடு பணத்தையும் தருகிறோம், எடுத்துச் செல்லுங்கள் என்று விற்றோர் கெஞ்சிய நாள் அது. எம் நாட்டிலோ பெற்றோல் அப்போதும் 137 ரூபாவே. விலை இறங்கியதால் மிஞ்சிய பணம் தீர்வையாகவும் நிலைப்படுத்தல் நிதியத்துக்கெனவும் அரசிடமே நின்றது. சாரதியின் கேள்வி நியாயமானதென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெற்றோல் விலையை அரசு தீர்மானிக்கும் வழக்கம் எமக்குப் பழகியது. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினாற் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1964 இல் ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் வணிகம் முழுவதும் அதன் கைக்கு வந்தது. 1969 இற் சப்புகஸ்கந்தவிற் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால் அது எம் தேவையின் ஒரு பகுதியையே நிறைவுசெய்யும். மீதியைச் சுத்திகரித்த பெற்றோலாகவே வாங்குகிறோம். அதற்கு அளவுகோல் சிங்கப்பூர்ச் சந்தையின் விலை. 2022 இல் உலகெங்கும் சுத்திகரிப்பு ஆலைகள் தேவைக்குப் போதாமையால், மசகு எண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இடையிலான விலை வேறுபாடு மிக அகன்றது. எம் ஆலையோ, மசகு எண்ணெய் வாங்க டொலரின்றி 2021 நவம்பரிலேயே சில வாரங்கள் மூடிக்கிடந்தது.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். நிரப்பு நிலையத்து விலையிலே கப்பற் கூலி, காப்புறுதி, முகவர் தரகு, லீற்றருக்கு இவ்வளவென்று விதிக்கப்படும் தீர்வைகள் என்பன அடங்கியுள்ளன. லீற்றர் 300 ரூபாவாயின் அதில் 150 ரூபா மசகு எண்ணெய்க்குரியதென வைத்துக்கொள்வோம். மசகு எண்ணெய் பாதிவிலைக்கு வந்தாலும் குறைவது 75 ரூபாவே, மற்றவை அசையா. 2024 சனவரி முதலாந் திகதி முதல் பெற்றோலுக்கும் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டதையும் நேயர்கள் அறிவீர்கள்.

இவையெல்லாங் கழித்த பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. 1991 இல் ரொபேட் பேக்கன் என்னும் பொருளியலறிஞர் பிரித்தானியப் பெற்றோல் விலைகளை ஆராய்ந்து, அவை ஏறும்போது ஏவுகணைபோலவும் இறங்கும்போது இறகுபோலவும் நடந்துகொள்வதைக் காட்டினார். ஏறும்போது வாங்குவோர் மலிந்த இடத்தைத் தேடி அலைகின்றனர். சிறிது இறங்கியதும் மனநிறைவுற்றுத் தேடுவதை விட்டுவிடுகின்றனர். அந்த இடைவெளியிலே விற்போர் ஆறுதலாக இறங்குகின்றனர். போட்டியுள்ள நாட்டிலேயே இவ்வாறாயின், தீர்வைப் பணத்தில் ஒரு கண் வைத்திருக்கும் அரசு விலை கூறும் நாட்டைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியாயின் விலையை ஏறவிடாமற் பிடித்துவைப்பதுதானே நல்லரசின் கடன் என்று கேட்பீர்கள். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். 2018 இல் விலைச்சூத்திரம் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டின் பின் அது கைவிடப்பட்டது. விலை நின்றது, கூட்டுத்தாபனத்தின் நட்டமும் வங்கிக் கடனும் வளர்ந்தன. மலிவாக நிரப்பிய பெற்றோலின் மீதிப் பணத்தை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தனர். 2022 இல் டொலர் தீர்ந்தபோது, விலை ஏறியதோடு பண்டமும் மறைந்தது. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். நின்ற இடத்திலேயே உயிர்நீத்தோரும் உளர். யூலை மாதத்திற் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது, முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் முதலிற் கிடைத்தது. நிலையத்துப் பலகையில் எழுதிய விலைக்கும் கறுப்புச் சந்தையின் விலைக்கும் உறவேயில்லை.

வடபுலத்து நேயர்களுக்கு இது புதிய பாடமன்று. 1990 இன் பின் பெற்றோல் வரத்துத் தடைப்பட்ட நாட்களில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயிற் பழைய மொறிஸ் மைனர்க் கார்களை ஓட்டியவர்கள் அவர்கள். அந்த மண்ணெண்ணெய்க்கும் அவர்கள் கொழும்பு விலையினும் பன்மடங்கு கொடுத்தார்கள்.

மண்ணெண்ணெய் என்றதும் மீனவர் நினைவு வருகிறது. 2022 இல் ஏனையவை ஏறியபோதும் மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே பிடித்துவைக்கப்பட்டது. ஆகத்து மாதத்தில் ஒரே இரவில் அது 340 ரூபாவாயிற்று. மாதம் 20 ரூபாவாக ஏறியிருப்பின் வலைக்காரர் ஒருவாறு ஈடுகொடுத்திருப்பார். அன்றிரவு படகைக் கரையில் ஏற்றிவைப்பதன்றி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சாரதிக்கு இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். எண்ணெய் விலையைக் கேட்கும் அதே செய்தியறிக்கையில் டொலரின் விலையையும் கேட்டுவையுங்கள் என்றேன். அவருடைய தொல்லை வேறு. பிள்ளைகளின் பெற்றோரிடம் மாதக் கட்டணத்தைத் தை மாதத்திற் பேசித் தீர்க்கிறார். பெற்றோல் விலையோ ஆண்டு முழுவதும் அசைகிறது. ஆதலால் அடுத்த தைமாதத்தில், லீற்றருக்கு 20 ரூபாவுக்கு மேல் ஏறினாற் கட்டணத்தை மறுபடி பேசுவதென்று ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் சம்மதித்தனர். அந்த விதி விலை இறங்கினாலும் பொருந்துமா என்று ஒரு தாயார் கேட்டாராம். அவருக்குச் சாரதி இன்னும் விடை சொல்லவில்லை.