ஒரே எஞ்சின், நான்கு குழல்வாய்கள்

போர் விமானத்துக்கு ஓடுபாதைதான் உயிர்நாடி. அதில் நான்கு குண்டுகள் விழுந்தால் எத்தனை வேகமான விமானமும் கொட்டகையிலேயே கிடக்க வேண்டியதுதான். 1950-களில் ஐரோப்பாவை இந்த அச்சம் ஆட்டிப்படைத்தது. நின்ற இடத்திலிருந்தே எழும் ஜெட் விமானத்துக்காகப் பல நாடுகளும் முனைந்தன.

எழுவதற்கென்றே தனி எஞ்சின்கள் வைப்பது ஒரு வழி. பிரிட்டனின் ஷார்ட் எஸ்.சி.1 விமானத்தில் தூக்க நான்கு, தள்ள ஒன்று. பிரான்சின் மிராஜ் 3வி-யில் தூக்க மட்டுமே எட்டு! மேலே போனபின் அந்த எட்டும் வெறும் சுமை.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் மிஷேல் விபோ வேறு வழி சொன்னார்: பறக்கவைக்கும் எஞ்சினின் உந்துவிசையையே கீழ்நோக்கித் திருப்பலாம். பிரிஸ்டல் நிறுவனத்தின் ஸ்டான்லி ஹூக்கரும் கார்டன் லூயிஸும் அதை வளர்த்துப் பெகாசஸ் எஞ்சினாக்கினார்கள். ஹாக்கர் நிறுவனத்தின் ரால்ஃப் ஹூப்பர் அதைச் சுற்றியே பி.1127 விமானத்தை வரைந்தார்.

பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழல்வாய்கள். முன்னிரண்டில் விசிறி தள்ளும் காற்று, பின்னிரண்டில் கொதிக்கும் வாயு. நான்கையும் சேர்த்துத் திருப்ப, திராட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நெம்புகோல். இந்த எளிமைதான் அதன் மேதைமை. அந்தரத்தில் நிற்கும்போது சுக்கான்கள் பயன்படாது. மூக்கு, வால், இறக்கை நுனிகளில் உள்ள துளைகள் வழியாக எஞ்சினின் அழுத்தக் காற்றைப் பீய்ச்சித்தான் விமானத்தைச் சாயாமல் நிறுத்துகிறார்கள். எஞ்சினுக்குள் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒரே திசையில் சுற்றினால் பம்பரம்போல் அவற்றின் சுழல்விசை விமானத்தைத் திருகிவிடும்.

1960 அக்டோபர் 21-இல் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டு தளத்தில், கயிறுகளால் பிணைத்த நிலையில் பி.1127 முதன்முதலாக எழும்பியது. ஓட்டிய பில் பெட்ஃபோர்டின் காலில் மாவுக்கட்டு. கார் விபத்தில் முறிந்த கால் அது. மறு ஆண்டு செப்டம்பரில் அந்தரத்தில் நின்ற நிலையிலிருந்து முன்னோக்கிப் பறப்பதும் கைகூடியது. 1969-இல் ஹாரியர் என்ற பெயரில் அதன் வாரிசு பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தது.

நடைமுறையில் ஹாரியர் செங்குத்தாக எழுந்ததைவிட இறங்கியதே அதிகம். செங்குத்தாக எழும்போது முழு எடையையும் எஞ்சினே தாங்க வேண்டும். கொஞ்சம் ஓடினால் இறக்கையும் கைகொடுக்கும், கூடுதல் குண்டுகளைச் சுமக்கலாம். கப்பலில் ஓட இடம் குறைவு. அதனால்தான் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக் டெய்லர், விமானம் மேல்நோக்கிப் பாயும்படி கப்பல் தளத்தின் முனையை வளைக்கச் சொன்னார். இந்தியாவின் விராட் கப்பலிலும் அந்த வளைவு இருந்தது. அதிலிருந்து பறந்த, ஹாரியரின் கடற்படை வகையான சீ ஹாரியர்கள் 2016-இல் ஓய்வு பெற்றன.

இன்றைய எஃப்-35பி, விமானிக்குப் பின்னால் தூக்குவதற்கென்று ஒரு விசிறி வைத்திருக்கிறது. ஹாரியர் தவிர்த்த சுமை அது. பதிலுக்கு ஒலியை முந்திப் பறக்கிறது.