நேர்கோட்டில் ஓரியும் காரியும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரிக்கும் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரிக்கும் நிகழ்ந்த போரைச் சங்க நூல்கள் குறிக்கின்றன. ஓரி ஏறிய குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். காரி ஏறிய குதிரைக்கும் காரி என்பதே பெயர். இது சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி. போரில் ஓரி மாய்ந்தான். கொல்லி சேரன் கைக்குச் சென்றது. ஆயினும் அவ்விரு குதிரைகளுள் விரைவிற் சிறந்தது எது என்று எப்புலவரும் கூறக் கண்டிலோம்.

துறை மாணவர்களுடன் சோளக்காட்டிற்குச் சென்ற பேருந்தில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே சென்ற மாணவர் இருவர் இருபதாவது வளைவில் எண்ணுவதை விட்டுப் பந்தயக் கார்களைப் பற்றி வாதிடத் தொடங்கினர். ஒருவர் கட்சி ஜெர்மனியின் போர்ஷே 959. மற்றவர் கட்சி இத்தாலியின் ஃபெராரி எஃப்-40. இறுதியில் தீர்ப்புக்காக நம்மிடம் வந்தனர். தமிழாசிரியரிடம் கார் வழக்கா என்று நகைக்க வேண்டா. அளவைகளைக் கொண்டு ஆராய்ந்து முடிவு காண்பது எத்துறையார்க்கும் உரியதே.

போர்ஷே 959 முதலில் 1983இல் பிராங்பர்ட் கண்காட்சியில் மாதிரி வடிவில் வைக்கப்பட்டது. 1986இல் பாரிஸ்–டாக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றது. எஃப்-40, ஃபெராரி நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 1987இல் வெளிவந்தது. மறுஆண்டு மறைந்த என்சோ ஃபெராரி தம் வாழ்நாளில் ஒப்புதல் அளித்த கடைசிக் கார் அதுவே என்பர்.

இனி வழக்கிற்கு வருவோம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 959க்கு 3.7 வினாடி, எஃப்-40க்கு 4.1 வினாடி. இவை தொழிற்சாலைகள் வெளியிட்ட அளவுகள். உச்ச வேகமோ 959க்கு 315, எஃப்-40க்கு 324. தொடக்கத்தில் முந்துவது ஒன்று. முடிவில் முந்துவது மற்றொன்று. இருவர் கட்சியும் மெய்யே.

இது எங்ஙனம் நிகழ்கிறது? எஃப்-40இன் ஆற்றல் 478 குதிரைத்திறன். 959இன் ஆற்றல் 450. எடையில் வேறுபாடு இன்னும் பெரிது. 959 ஏறத்தாழ 1450 கிலோ. எஃப்-40இன் எடை, எரிபொருள் முதலிய திரவங்கள் நீங்கலாக, 1100 கிலோ என்பது தொழிற்சாலைக் கணக்கு; அவற்றைச் சேர்த்து நிறுத்தாலும் 959ஐவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவே. தரைவிரிப்பு இல்லை, உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கம்பிக் கயிறே உண்டு. அத்துணைச் சிக்கனம்! ஆற்றல் மிகுதி, எடை குறைவு. அவ்வாறாயின் தொடக்கத்திலும் அதுவன்றோ முந்த வேண்டும்?

முந்தாமைக்குக் காரணம் டயரும் தரையும் பற்றும் பற்று. எஞ்சின் எவ்வளவு தள்ளினாலும், டயர் தரையைப் பற்றும் அளவிற்கே கார் நகரும். மிஞ்சினால் சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். எஃப்-40இல் பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே தள்ளுகின்றன. 959இல் நான்கும் தள்ளுகின்றன. எச்சக்கரத்திற்கு எவ்வளவு விசை என்பதை மின்னணுக் கருவி பகிர்ந்தளிக்கிறது. சேற்றில் சிக்கிய வண்டியைப் பின்னால் நின்று இருவர் தள்ளுவதற்கும், நான்கு மூலையிலும் நால்வர் கைகொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்க.

மற்றொன்று டர்போ. வெளியேறும் புகையின் விசையால் ஒரு காற்றாடியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கும் கருவி இது. புகை பெருகும்வரை காற்றாடி சோம்பிக் கிடக்கும். 959இல் ஒரு டர்போ முதலில் எழும். பின்னரே மற்றொன்று துணைக்கு வரும். ஆகவே தாமதம் குறைவு. எஃப்-40இல் இரண்டும் ஒருங்கே உறங்கி ஒருங்கே விழிக்கும். விழித்தபின் பாய்ச்சல் கடுமையானது.

வேகம் ஏறியபின் டயரின் பற்று சிக்கலன்று, காற்றே பகை. வேகம் மூன்று மடங்கானால் காற்றின் தடை ஒன்பது மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய ஆற்றல் இருபத்தேழு மடங்காகும். அங்கே எஃப்-40இன் மிகுதியான குதிரைத்திறன் பயன் தருகிறது.

இத்தகைய போட்டிக்கு நேர்கோடு வேண்டும். நேர்கோடு என்றதும் நமக்கு ஓரியின் அம்பே நினைவுக்கு வருகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே தொடையில் துளைத்ததாக வன்பரணர் பாடிய அம்பு. தமிழ்நாட்டிலோ நேர்கோடு கிடைத்த இடம் சென்னையை அடுத்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. கோவையின் கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கி எளிய இளைஞர்க்கும் வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார்.

சோழவரம் வேறு, சோளக்காடு வேறு. கொண்டை ஊசி வளைவொன்றின் ஆரம் 10 மீட்டர் என்றும், உராய்வெண் 0.7 என்றும் கொள்வோம். வழுக்காமல் திரும்பத்தக்க வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரே. இக்கணக்கில் குதிரைத்திறன் இல்லை. எடையும் அடிபட்டுப் போகிறது. ஃபெராரிக்கும் அதே வரம்பு. மாணவர் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கும் அதே வரம்பு. வளைவுகளுக்கு இடையேயுள்ள சிறு நேர்ப்பாதையோ இன்னும் ஏமாற்றும். 959இன் முடுக்கம் சீரானது என்று கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 51 மீட்டர் போதும். அவ்வேகத்திலிருந்து நிற்க, கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்கும் ஒரு வினாடியில் கழியும் 28 மீட்டரையும் சேர்த்து, 80 மீட்டருக்கு மேல் வேண்டும். எதிரே பலாப்பழம் ஏற்றிய வண்டி இறங்கி வந்தால் அந்த எண்பது மீட்டருக்கு எங்கே போவது?

இக்கணக்கைப் பேருந்திலேயே சொன்னோம். எஃப்-40 கட்சி மாணவர் தலையாட்டினார். ஒப்பினார் என்றே எண்ணினோம். அடுத்த விடுமுறையில் நண்பரின் மோட்டார் சைக்கிளில் அதே மலைக்குச் சென்று, இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து ஒரு பருவத் தேர்வை இழந்தார். மருத்துவமனையில் காணச் சென்றபோது அவர் முதலில் கேட்டது, "ஐயா, உராய்வெண் 0.7 என்றீர்களே, மணல் கிடந்தால் எவ்வளவு?" என்பதே. பாதியாகவும் குறையலாம் என்றோம். தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கி, கட்டிலில் சாய்ந்தவாறே கணக்கிட்டார். மணிக்கு 21 கிலோமீட்டர் என்று விடை வந்தது. தாம் சென்ற வேகம் எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.