ஓட்டக்காரரும் ஒட்டுநாடாவும்

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தைக் கண்ணுற்றோர், நான்காம் சுற்றில் நிகழ்ந்த ஒரு சிறு காட்சியை மறந்திரார். முன்னணியில் ஓடிய மூவருள் ஒருவரது வலது முழங்காலில் ஒட்டப்பட்டிருந்த நீலநிற நாடா, முதலில் நுனி உயர்ந்து, பின்னர்ப் பாதி உரிந்து, காற்றிலே கொடிபோற் படபடத்தது. அவர் இருமுறை குனிந்து அதனைத் தட்டி ஒட்ட முயன்றார், ஒட்டவில்லை. ஐந்தாம் சுற்றில் அது கீழிறங்கிக் கணுக்காலைச் சுற்றிக்கொள்ளவே, நின்று அதனைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினார். அதற்குள் நால்வர் அவரைக் கடந்துவிட்டனர். பார்த்திருந்தோர் நகைத்தனர். எமக்கு நகை தோன்றவில்லை, என்னை? அந்நாடாவை ஒட்டியவர் யாமே.

அன்று யாம் செய்த பிழை ஒன்றன்று, பல. ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், மைதானத்து வேப்பமரத்தடியில், அவர் உடல் சூடேற ஓடிவிட்டு வந்து நின்றபோது, வியர்வை வழியும் முழங்காலில், காலை நேராக நீட்டச்செய்து, நாடாவை முற்றும் இழுத்து ஒட்டினோம். முதல்நாள் இரவு அவர் வலிக்குத் தைலம் தேய்த்திருந்தார் என்பதையும் யாம் கேட்டறியவில்லை. இவற்றுள் ஒவ்வொன்றும் ஏன் பிழையாகும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மாணவருட் பலர் இந்நாடாவைக் காசு கொடுத்து வாங்கி, ஒரே ஓட்டத்தில் இழந்து வருகின்றனராதலின், இது பயன்படும் என்று எண்ணுகின்றோம்.

'கினீசியாலஜி டேப்' எனப்படும் இந்நாடா, ஜப்பான் நாட்டில் கென்சோ காசே என்பவரால் 1970-களில் உருவாக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷ் தம் தோளிற் கருநிற நாடா ஒட்டி ஆடியதைத் தொலைக்காட்சியிற் கண்ட பின்னரே உலகெங்கும் இதன் பெயர் பரவிற்று. பழைய வெள்ளைப் பிளாஸ்திரிக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. பிளாஸ்திரி நீளாது, மூட்டை அசையவொட்டாமற் பிடிப்பதே அதன் தொழில். இதுவோ பருத்தித் துணியுள் மீள்நூல் கலந்து நெய்யப்பட்டது. நீளவாட்டில் மட்டும், தன் அளவினும் ஏறக்குறைய பாதிப்பங்கு கூடுதலாக நீளும். மூட்டு மடங்கத் தானும் மடங்கும். இதன் பின்புறத்தே அக்ரிலிக் என்னும் பசை, அலைபோன்ற வரிகளாக இடைவெளி விட்டுப் பூசப்பட்டிருக்கும். அவ்விடைவெளிகளே வியர்வையும் காற்றும் புறம்போகும் வாயில்கள்.

இனி, இப்பசை எவ்வாறு பற்றுகின்றது என்பதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இஃது விளங்கிவிட்டால் ஏனையவெல்லாம் தாமே விளங்கும். பட்டம் ஒட்டும் சோற்றுப்பசை, நீர் உலர்ந்தபின் இறுகிப் பிடிக்கின்றது. நாடாவின் பசை அவ்வினத்ததன்று. அஃது உலர்வதுமில்லை, இறுகுவதுமில்லை. மிகத் தடித்த பாகு போன்றது. அழுத்தினால் மெல்ல மெல்லப் பரவும். நம் தோலோ, கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உண்மையில் மேடும் பள்ளமும் நிறைந்த உழுத நிலம். நாடாவை வைத்தவுடன் பசை மேடுகளை மாத்திரமே தொடுகின்றது. பள்ளங்களுள் இறங்கி முழுதும் படிவதற்கு அழுத்தமும், வெம்மையும், காலமும் வேண்டும். வெம்மையில் பாகு இளகுவதுபோலப் பசையும் இளகும். அதனாலேயே, ஒட்டியபின் உள்ளங்கையால் அதன்மேல் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்கின்றனர். தேய்ப்பது அழகுக்காகவன்று, சூடு பிறப்பதற்காக. தேய்க்கும்போதும் நடுவிலிருந்து நுனிகளை நோக்கியே தேய்த்தல் வேண்டும். எதிர்த்துத் தேய்ப்பின் நுனி கிளம்பிவிடும். அதன்பின், வியர்வை வருமளவு உழைப்பதற்கு முன், அரைமணி முதல் ஒருமணி நேரமேனும் விட்டுவிடல் வேண்டும். அதிகாலை ஓட்டமாயின் முதல்நாள் இரவே ஒட்டிக்கொண்டு உறங்குவதை யாம் விரும்புகின்றோம். நல்ல நாடா மூன்று நான்கு நாள் தங்கக்கூடியது. ஓர் இரவு அதற்குப் பெரிதன்று.

பசைக்கும் தோலுக்கும் இடையே எது புகுந்தாலும் பற்று கெடும். அவ்வாறு புகுவனவற்றுள் முதன்மையானது எண்ணெய். தோலே சிறிது எண்ணெய் சுரக்கின்றது. அதன்மேல் நம்மவர் தேங்காயெண்ணெயும், வலித்தைலமும், வெயிற்களிம்பும் பூசுகின்றனர். தைலம் தேய்த்த காலில் நாடா ஒட்டுவது, எண்ணெய்ச் சட்டியில் தபால்தலை ஒட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே சவுக்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, பின்னர்ப் பஞ்சில் ஸ்பிரிட்டு நனைத்து ஒருமுறை துடைத்து, அதுவும் ஆவியாகும்வரை பொறுத்திருந்து ஒட்டுக. முகப்பவுடர் தூவி உலர்த்துவோர் சிலரை யாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் நாடாவைப் பவுடருக்கு ஒட்டுகின்றனரேயன்றித் தோலுக்கு ஒட்டுகின்றிலர். அடர்ந்த மயிரும் தடையே. அதனை மழித்தல் வேண்டுவதில்லை. கத்தரித்துக் குறைத்தலே சாலும். மழிக்க விரும்புவோர் முதல்நாளே மழித்துக்கொள்க; புதிதாய் மழித்த தோல் எளிதிற் புண்படும்.

அடுத்தது வியர்வை. வெயிலில் ஓடும் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை சிந்துதல் இயல்பு. நம் கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாதலின், அஃது எளிதில் ஆவியாகாது தோலிலேயே நின்று வழியும். நன்கு பற்றிய நாடாவை இவ்வியர்வை அத்துணை விரைவிற் பெயர்க்கமாட்டாது. ஆனால் ஈரத்தோலில் ஒட்டப்பெற்ற நாடா தொடக்கத்திலேயே நீரின்மேல் மிதக்கின்றது. ஆதலால் மின்விசிறியின் கீழ், உடல் ஆறியிருக்கையில், ஓடிச் சூடேறுவதற்கு முன்னரே ஒட்டிக்கொள்ளல் வேண்டும். நனைந்த நாடாவைத் துவாலையாற் பரபரவென்று தேய்த்தலும் ஆகாது. ஒற்றி எடுத்தலே முறை.

இவ்வளவும் செய்தும் நாடா உரிவதுண்டு. அதற்குக் காரணம் இழுத்த இழுப்பு. நாடா நடுவில் உரிவதில்லை. என்றும் நுனியிலேதான் தொடங்கும். நீட்டி ஒட்டப்பட்ட நாடா, மீண்டும் தன் பழைய அளவுக்குச் சுருங்கவே முயல்கின்றது. அம்முயற்சி முழுதும் நுனியிலுள்ள மெல்லிய கோட்டின்மேல் விழுகின்றது. எனவே இரு நுனிகளிலும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளத்தைச் சிறிதும் இழுக்காது வெறுமே படியவிடல் வேண்டும். இழுக்கவேண்டுமாயின் நடுப்பகுதியை மட்டும், அதுவும் அளவோடு, இழுக்கலாம். 'இறுக்கி ஒட்டினால் வலுவாக இருக்கும்' என்று எண்ணுவது இயல்பே. யாமும் அவ்வாறே எண்ணினோம். இழுப்பு மிகுந்தால் தோல் கொப்புளிக்கும். நாடாவும் விரைவிற் கழலும். நாடாவின் சதுர மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டிவிடுவதும் இன்றியமையாதது. கூர்மூலை காற்சட்டையின் ஓரத்திலும் காலுறையிலும் சிக்கி முதலில் எழும். வளைவான விளிம்பில் சிக்கற்கு இடமில்லை. ஒரு நாடாவின் நுனி மற்றொரு நாடாவின்மேல் முடியவும் விடற்க. பசை தோலைப் பற்றுவதுபோலத் துணியைப் பற்றாது.

முழங்காலைப் பொறுத்தவரை இன்னுமொன்று உளது. கால் மடங்குந்தோறும் முழங்காலின் முன்புறத்துத் தோல் நீள்கின்றது. நீட்டிய காலில் ஒட்டினால், ஒவ்வோர் அடியிலும் தோல் நாடாவைப் பிடித்திழுக்கும். ஓர் அடி ஒன்றேகால் மீட்டர் என்று கொண்டால், ஐயாயிரம் மீட்டரில் ஒவ்வொரு காலும் ஈராயிரம் முறை மடங்குகின்றது! எந்தப் பசைதான் தாங்கும்? ஆகவே நாற்காலியில் அமர்த்தி, முழங்காலைச் செங்கோணமாக மடக்கிவைத்து, அந்நிலையிலேயே ஒட்டுதல் வேண்டும். கெண்டைக்காலாயின் பாதத்தை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு ஒட்டுக. ஒட்டுங்கால் பின்தாளை முழுதும் உரித்துவிடாது சிறிது சிறிதாக உரித்தலும், பசைப்புறத்தை விரலால் தீண்டாமையும் கைப்பழக்கத்தில் வரும்.

மிகுந்து வியர்ப்போர்க்கு ஒரு துணையுண்டு. 'பென்சாயின் டிங்சர்' என்னும் மருந்தை நாடாவின் நுனிகள் படியும் இடத்தில் மட்டும் மெல்லப் பூசிச் சற்றே உலரவிட்டால், தோல் பிசுபிசுப்புற்று நாடாவை இறுகப் பற்றும். புட்டியைத் திறந்தவுடன் பழகிய மணமாயிருக்கின்றதே என்று யாம் வியந்தோம். வியப்பதற்கில்லை, பென்சாயின் என்பது நம் வீடுகளிற் புகைக்கும் சாம்பிராணியே. சுமத்திரா முதலிய கீழ்த்திசை நாடுகளில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் அது. ஆயினும் சிலர் தோலுக்கு ஒவ்வாது. முன்னாள் முன்கையிற் சிறிது தடவிப் பார்த்துக்கொள்க. நாடாவையும் அவ்வாறே சிறுதுண்டு ஒட்டிப் பார்த்தல் நலம்.

இவற்றையெல்லாம் கற்றபின், இவ்வாண்டு ஜனவரியிற் கடற்கரைச் சாலையொன்றில் நடந்த அரை மாரத்தான் ஓட்டத்துக்கு அதே மாணவரின் அதே முழங்காலுக்கு நாடா ஒட்டும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. முதல்நாள் இரவு விடுதி அறையில், கழுவி, துடைத்து, மடக்கி, மூலை வெட்டி, நுனி இழுக்காது ஒட்டினோம். "ஐயா, இம்முறை விழாதே?" என்றார். "விழாது" என்றோம். 21 கிலோமீட்டரும் அது விழவில்லை. ஒரு நுனிதானும் எழவில்லை. ஆனால் பதினைந்தாம் கிலோமீட்டரிலேயே அவர் நொண்டத் தொடங்கினார். எஞ்சிய தொலைவை நடந்தே முடித்தார். மறுநாள் விடுதி மாடிப்படியில் அவரால் இறங்க இயலவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான், இரண்டு திங்களாகவே அம்முழங்கால் நொந்துகொண்டிருந்தது என்பதும், சொன்னால் குழுவில் இடம் போய்விடும் என்று அஞ்சி மறைத்திருந்தார் என்பதும் வெளிப்பட்டன. எட்டு வாரம் ஓடலாகாது என்றார் மருத்துவர். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி அவ்வெட்டு வாரத்துள்ளே வந்து போயிற்று.

நாடா ஏன் விழுகின்றது என்று ஓராண்டு ஆராய்ந்த யாம், அவர் ஏன் அதனை வேண்டினார் என்று ஒருநாளும் வினவினோமில்லை. அதன்பின்னரே நூல்களைப் புரட்டினோம். 2014-ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி' என்னும் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, அதுவரை நடந்த சோதனைகளை ஒருங்குவைத்து நோக்கி, இந்நாடா போலிநாடாவினும் பிற சிகிச்சைகளினும் சிறந்ததென்று காட்டச் சான்றில்லை, அல்லது வேற்றுமை பொருட்படுத்தும் அளவினதன்று என்று முடிவு கூறிற்று. 2021-இல் காக்ரேன் நிறுவனம் தோள்மூட்டுத் தசைநாண் நோய்பற்றி வெளியிட்ட ஆய்வும் இதன் பயன் ஐயத்துக்குரியதென்றே கூறுகின்றது. ஒட்டிக்கொண்டால் இதமாயிருக்கின்றது என்று ஓடுவோர் சொல்வதை யாம் பொய்யென்னோம். அவ்விதத்துக்காக ஒட்டிக்கொள்வதிற் குற்றமுமில்லை. ஆனால் இப்போது யாம், நாடாவோடு வருவோரிடம் முதலில் எத்தனை நாளாக வலிக்கின்றது என்று கேட்டபின்னரே கத்தரிக்கோலைத் தேடுகின்றோம். இரண்டு வாரத்துக்கு மேல் என்று விடை வந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்புகின்றோம். புண், சொறி உள்ள தோலிலும், காரணம் தெரியாது வீங்கிச் சூடேறி நோகும் கெண்டைக்காலிலும் நாடாவை ஒட்டுவதேயில்லை.

ஒட்டுவதைப் பற்றி இத்துணை கூறியபின் எடுப்பதைப் பற்றியும் கூறவேண்டும். ஜனவரி ஓட்டத்தின் மாலையில், நன்றாய் ஒட்டிய அந்நாடாவை அவர் ஒரே இழுப்பில் பிய்த்தெடுக்க, மயிரோடு மேற்றோலும் சிறிது வந்துவிட்டது. எடுப்பதற்குமுன் அதன்மேல் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுக. ஒட்டும்போது பகையாயிருந்த எண்ணெய் இப்போது உதவிக்கு வரும். பின்னர் ஒரு நுனியைக் கிளப்பி, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மயிர் சாய்ந்த திசையிலேயே, நாடாவை மேல்நோக்கி இழுக்காது தோலோடு படியமடித்து, மெதுவாகச் சுருட்டி எடுக்க. எஞ்சிய பசையை மீண்டும் சிறிது எண்ணெயிட்டுத் தேய்த்துச் சவுக்காரமிட்டுக் கழுவிவிடலாம். அத்தோலுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தபின்னரே மறுபடி ஒட்டுக.