பீரோவில் பழைய நோட்டு இருக்கிறதா?

மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் பீரோவை ஒழிக்கும்போது, பாட்டி புடவை மடிப்பில் ஒளித்து வைத்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. பார்க்கவே வயிறு எரியும். ஆனாலும் அதை மாற்றித் தருகிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள்.

இன்று நோட்டுக்கு மதிப்பு தருவது அரசின் வாக்கு மட்டுமே. பெரும்பாலும் தனியார் பங்கிலிருந்த மெட்ராஸ் வங்கியும் ஒரு காலத்தில் நோட்டு வெளியிட்டது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. அப்போதும் சென்னையில் வெளியான நோட்டை பம்பாயில் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, மலேயாத் தமிழர்களின் கையில் புழங்கிய 10 டாலர் நோட்டில் வாழைமரம் இருந்தது. பிற்பாடு வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். ஜப்பான் சரணடைந்ததும் சேமிப்பெல்லாம் வெறும் காகிதம்.

இந்தியாவிலும் 1946லும் 1978லும் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. அவை சாதாரண வீடுகளில் இருந்ததில்லை. 2016 நவம்பர் 8 அப்படியல்ல: புழக்கத்திலிருந்த பணத்தில், மதிப்பில் சுமார் 86 சதவீதம் அன்று நள்ளிரவோடு செல்லாததானது. வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரைதான் அவகாசம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் சேர்த்த பெண்களுக்குத்தான் அடி பலம். வெளியே சொன்னால் சேமிப்பு தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் பணமே போய்விடும்.

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். இது தெரியாதவர்களைத்தான் மோசடிக்காரர்கள் போனில் பிடிக்கிறார்கள். பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

2000 ரூபாய் நோட்டின் கதை வேறு. 2023 மே 19 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. வங்கிக் கிளைகளில் மாற்றுவது அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதியோடு நின்றுவிட்டது. உங்களிடம் இருந்தால் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள். அலைய முடியாத பெரியவர்கள், பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கே அனுப்பித் தங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம்.