ஆட்டக்காரனின் விலையும் பயிற்றிய கழகத்தின் பங்கும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம், வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் தொடங்கித் தெற்கே மா ஓயா வரையில், உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் மீன்வாடிகளும் மாறிமாறி அமைந்த நிலப்பரப்பாகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இவ்வூர் இளைஞர்களுக்குப் பொதுவாய் அமைந்த ஆட்டம் உதைபந்தாட்டம். வெயில் தணிந்ததும் மணற்றரையில் பந்து உருளத் தொடங்கும். இருள் சூழ்ந்ததும் அதைப் பற்றிய பேச்சு தேநீர்க் கடைக்கு இடம் மாறும்.

ஐரோப்பாவில் ஒரு கழகம் மற்றொரு கழகத்திடமிருந்து ஓர் இளைஞனைப் பல கோடி கொடுத்துப் பெற்றது என்னும் செய்தி வந்துவிட்டால், கடையில் இரு கட்சிகள் தோன்றிவிடும். "மீசை முளைக்காத பையனுக்கு இத்தனை கோடியா?" என்பார் ஒருவர். "இன்று வாங்காவிட்டால் நாளைக்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும்" என்பார் மற்றொருவர். வாதம் விளக்கணைக்கும் வரை நீளும். ஆயினும் அப்பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, யார் யாருக்குப் போய்ச் சேருகிறது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதேயில்லை. இக்கரையோர மக்களுக்கு முக்கியமானவை அவ்வினாக்களே.

மாற்றுத்தொகை என்பது மனிதனுக்குக் கொடுக்கும் விலையன்று. ஆட்டக்காரனும் கழகமும் ஒரு குறித்த காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அக்காலம் முடியுமுன் அவன் வேறு கழகத்துக்குச் செல்ல விரும்பினால், எஞ்சிய ஆண்டுகளின் உரிமையைப் பழைய கழகம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வாறு விட்டுக்கொடுப்பதற்குரிய ஈடே மாற்றுத்தொகை. ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகள் எஞ்சியிருந்தால் தொகை உயரும். ஆறு மாதங்களே எஞ்சியிருந்தால் தாழும். இளைஞனுக்கு விலை மிகுவதற்குக் காரணமும் இதனுள் அடங்கும். அவன் ஆடக்கூடிய ஆண்டுகள் பல. பின்னர் அவனை வேறொரு கழகத்துக்கு மாற்றி முதலைத் திரும்பப் பெறவும் இயலும்.

இந்த ஈட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1905இல் அல்ஃப் கொமன் என்பவரை சண்டர்லாந்துக் கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோக் கழகம் 1,000 பவுண் கொடுத்துப் பெற்றபோது இங்கிலாந்தே வியந்தது. 2017இல் நெய்மாருக்காகப் பார்சிலோனாக் கழகத்துக்குக் கிடைத்த தொகை 22 கோடியே 20 இலட்சம் யூரோ. அது பேரம் பேசி முடிவான தொகையன்று. அவருடைய ஒப்பந்தத்திலேயே விடுவிப்புத் தொகையாக எழுதப்பட்டிருந்தது.

தொடக்க காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரன் விடுதலை பெறவில்லை. நியூகாசில் கழகத்திலிருந்து விலக விரும்பிய ஜோர்ஜ் ஈஸ்தம் நீதிமன்றத்தை நாடினார். 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் அப்பழைய முறை தொழில் உரிமையை நியாயமின்றித் தடுப்பதாகத் தீர்ப்பளித்தார். பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடர்ந்த வழக்கில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே எவ்வித மாற்றுத்தொகையுமின்றிச் செல்லலாம் என்பது அத்தீர்ப்பு.

அத்தீர்ப்பினால் ஆட்டக்காரனுக்கு நீதி கிடைத்தது. ஆனால் அவனைச் சிறுவயதிலிருந்து பயிற்றிய சிறு கழகத்தின் கதி யாது? இவ்வினாவுக்கு விடையாக, 2001இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிஃபா இரண்டு ஏற்பாடுகளை வகுத்தது. ஒன்று பயிற்சி ஈடு. மற்றொன்று ஒருமைப்பாட்டுப் பங்கு.

இவற்றை விளங்கிக்கொள்ள உடப்புக் கடற்கரையில் நடைபெறும் கரைவலைத் தொழிலை நினைவுகூர்ந்தாற் போதும். வலை சம்மாட்டியுடையது. ஆனால் அம்பாப் பாடல் பாடிக் கயிறு இழுத்தவர்கள் பலர். மடியில் அகப்பட்ட மீன் விலையான பின் சம்மாட்டி மட்டும் பணத்தை எடுத்துச் செல்வதில்லை. கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. உதைபந்தாட்டத்திலும் கயிறு பிடித்தவர் என்போர், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பந்தை நிறுத்தவும் தட்டவும் கற்பித்தவரே.

ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்த காலத்தினுள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்குத் தொகை பெற்று மாற்றப்படும்போது, அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒதுக்கப்படுகிறது. அவன் 12 வயதை எட்டும் பருவம் முதல் 23 வயதை எட்டும் பருவம் வரை அவனைப் பயிற்றிய கழகங்களுக்கே அது உரியது. முதல் நான்கு பருவங்களில் ஒவ்வொன்றுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், எஞ்சிய எட்டுப் பருவங்களில் ஒவ்வொன்றுக்கும் 0.5 சதவீதம்.

மாற்றுத்தொகை ஒரு கோடி யூரோ என வைத்துக்கொண்டால், முதல் நான்கு பருவங்களும் சிறுவனைப் பயிற்றிய ஊர்க் கழகத்துக்கு ஒரு இலட்சம் யூரோ கிடைக்கும். மேலும் இரண்டு பருவங்கள் அவன் அங்கேயே ஆடியிருந்தால் அது இரண்டு இலட்சமாகும். பயிற்சி ஈடு இதனின்றும் வேறானது. ஆட்டக்காரன் முதன்முதலாக வேறொரு நாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது, மாற்றுத்தொகை இல்லாவிடினும், பயிற்றிய கழகம் அதனைக் கோரலாம்.

இப்பங்கு தானாகவே வந்து சேருமோ எனின், பதிவு இருந்தாலன்றி வாராது. சிறுவன் எந்தக் கழகத்தில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை ஆடினான் என்பது நாட்டின் சம்மேளனத்தில் பதியப்பட்டிருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஃபிஃபா தொடங்கிய தீர்வகம் இலத்திரனியற் பதிவுகளைக் கொண்டே பங்குகளைக் கணக்கிடுகிறது. பதிவில் இல்லாத ஆண்டு, ஆடாத ஆண்டுக்குச் சமம்.

புத்தளம் மாவட்டத்துக்கு இச்செய்தி தொலைவானதன்று. 2021இல் இலங்கையின் முதல் தொழில்முறைத் தொடராக அறிவிக்கப்பட்ட சூப்பர் லீக்கில் ஆடிய பத்துக் கழகங்களுள் வென்னப்புவ நியூ யங்ஸ் கழகமும் ஒன்று. இலங்கைத் தேசிய அணியின் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடியவர். கடல் கடந்து செல்லும் வழி திறந்தேயிருக்கிறது. நாளை கற்பிட்டிச் சிறுவன் ஒருவன் அவ்வழியே செல்லலாம். அன்று அவனுடைய பன்னிரண்டாம் வயதுக்குச் சாட்சியாய் நிற்பது கழகச் செயலாளர் ஒழுங்காகச் செய்த பதிவே.

பெற்றோர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. சில விதிவிலக்குகள் நீங்கலாக, 18 வயது நிரம்பாத சிறுவனை நாடுவிட்டு நாடு மாற்றுதல் ஆகாது. பிரேசில் நாட்டு எண்ட்ரிக்கைப் பெறுவதற்கு ரியல் மட்ரிட் கழகம் 2022இலேயே பால்மெய்ராஸ் கழகத்துடன் உடன்பாடு கண்டது. அப்போது அவருக்கு வயது 16. எனினும் 2024 ஜூலையில் 18 வயது நிரம்பும் வரை அத்தனை பெரிய கழகமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலும், ஆட்டக்காரனின் வருங்கால மாற்றுத்தொகையில் வெளியார் பங்கு வாங்குவதும் 2015 மே முதல் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின், "இப்போது சிறிது பணம் தருகிறேன், பின்னர் வருவதில் பாதி எனக்கு" என்று ஒருவர் படிவத்தை நீட்டினால், கையொப்பமிடாதிருத்தலே அறிவுடைமை.

தேநீர்க் கடை வாதத்தில் இரு கட்சியாரும் ஓரளவு சரியே. தொகை பெரிதுதான், அதற்குக் காரணமும் உண்டு. ஆயினும் அடுத்த முறை அவ்வாதம் எழும்போது மூன்றாவது வினா ஒன்றையும் கேட்கலாம்: அடுத்த தெருச் சிறுவனின் பெயர் கழகப் பதிவில் ஏறிவிட்டதா? கயிறு பிடித்தவரின் பெயர் கணக்கில் இருந்தாற்றான், கரையில் பங்கு பிரிக்கும்போது அவருக்கும் கை நீட்ட உரிமை உண்டு.