ராத்திரி பூரா சார்ஜ் ஏறுதா?

எலெக்ட்ரிக் கார் வாங்கியாச்சா? சந்தோஷம்! ஆனால் இது அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷ வேலை இல்லை. வீட்டு பிளக்கில் சொருகும் சார்ஜர் சுமார் 15 ஆம்பியர் வரை மணிக்கணக்காக இழுக்கும். பிளக் லூஸாக இருந்தால் சூடேறி உருகும். நீங்கள் தூங்கும்போது தீப்பிடிக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் போடச் சொல்லுங்கள். எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும். கரன்ட் கசிந்து ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான். 'ஏ' டைப்பாகக் கேட்டு வாங்குங்கள். மாசம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டப்பென்று விழணும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்!