எலும்பைச் செதுக்குமுன் எண்ணிப் பாருங்கள்



2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்கொரியத் தலைநகர் சியோலின் கங்னம் பகுதியில் இயங்கிய அழகுச் சிகிச்சை மருத்துவமனை ஒன்று விந்தையானதொரு காட்சிப்பொருளை வைத்திருந்தது. உயரமான கண்ணாடிக் கூண்டுகளில் மனிதத் தாடையெலும்புத் துண்டுகள் குவிக்கப்பட்டிருந்தன. அவை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை என்று செய்தித்தாள்கள் எழுதின. தங்கள் கைத்திறனுக்குச் சான்றாக அம்மருத்துவமனையினர் அவற்றை அடுக்கியிருந்தனர். மருத்துவக் கழிவை முறைப்படி அகற்றவில்லை என்று அதிகாரிகள் தலையிட, அது அகற்றப்பட்டது.

அத்துண்டுகள் ஒவ்வொன்றும் நோயற்ற ஒரு மனிதரின் நல்ல எலும்பு என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

எங்கே தொடங்கியது?

முக அறுவைச் சிகிச்சையின் வரலாறு இரக்கத்தில் தொடங்கிய ஒன்றாகும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கு இங்கிலாந்தில் ஹரோல்ட் கில்லிஸ் என்னும் மருத்துவர் மீண்டும் முகம் அமைத்துக் கொடுத்தார். பிறவியிலேயே மண்டையும் முகமும் கோணிய குழந்தைகளுக்கு எலும்பை வெட்டி இடம் மாற்றிச் சீர்செய்யும் முறையை, பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பால் டெஸ்ஸியர் 1967இல் உலக மருத்துவர்கள் முன் வைத்தார். உண்ணவும் மூச்சு விடவும் இயலாதவர்களுக்கு இக்கலை பெரும் கொடையாயிற்று.

பின்னர் அதே கலை, குறையேதுமற்ற முகத்தை மேலும் மெலிதாக்கும் தொழிலாகவும் வளர்ந்தது. சிறிய முகமும் கூரிய மோவாயுமே அழகு என்ற எண்ணம் வேரூன்றிய கொரியாவில், வேலைக்கான விண்ணப்பத்தோடு புகைப்படம் இணைப்பதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இளைஞர் பலர் இச்சிகிச்சையை நாடியதில் வியப்பில்லை.

என்ன செய்கிறார்கள்?

இதில் மூன்று வேலைகள் அடங்கும். காதின் கீழே அகன்று நிற்கும் தாடை மூலையை அறுத்துக் குறைப்பது ஒன்று. கன்ன எலும்பை வெட்டி உள்நோக்கித் தள்ளிப் பொருத்துவது மற்றொன்று. மோவாய் எலும்பை வெட்டி, குறுக்கியோ முன்னகர்த்தியோ, சிறு உலோகத் தகடுகளால் பிணைப்பது மூன்றாவது. வெளியே தழும்பு தெரியாதிருக்கப் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுகிறார்கள். முழு மயக்கம் கொடுத்தே இதைச் செய்ய இயலும். எனவே இதனைத் தோல் மேல் செய்யும் ஒப்பனையைப் போல எளிதாகக் கருதிவிடலாகாது.

எவை நேரக்கூடும்?

கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. அது நசுங்கினால் அவ்விடம் மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்புவதேயில்லை. கன்ன எலும்பு குறைந்தபின், அதைப் பற்றியிருந்த சதை தளர்ந்து தொங்கி, முகம் மூத்துத் தோன்றலாம். இருபுறமும் ஒத்துப்போகாமற் போகலாம். கிருமித் தொற்று ஏற்படலாம். வெட்டிய எலும்பு கூடாமலும் இருக்கலாம். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு. தாடையைச் சுற்றிப் பெரிய இரத்தக் குழாய்கள் செல்கின்றன என்பதே அதற்குக் காரணம்.

எல்லாம் நல்லபடி முடிந்தாலும், சில வாரங்கள் நீராகாரமும் மென்மையான உணவுமே உண்ண வேண்டும். வீக்கம் முற்றிலும் வடிந்து உண்மையான வடிவம் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

ஒரு தாயின் போராட்டம்

2016 செப்டம்பரில், சியோலில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தாடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இரத்தம் பெருகி நினைவிழந்த அவர், ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்து உயிர் நீத்தார். அறுவை அறையின் கண்காணிப்புக் காமிராப் பதிவை அவருடைய தாயார் பெற்று, மீண்டும் மீண்டும் பார்த்தார். தலைமை மருத்துவர் பாதியில் வேறு நோயாளியிடம் சென்றதும், அனுபவம் குறைந்த மற்றொரு மருத்துவர் தொடர்ந்ததும், மருத்துவர் எவருமின்றி உதவியாளர்கள் மட்டுமே மகனருகில் நின்றதும் அதில் தெரிந்தன.

அத்தாய் ஓயவில்லை. பதாகை ஏந்தித் தெருவில் நின்றார், நீதிமன்றப் படிகளேறினார். 2021இல் அந்தத் தலைமை மருத்துவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மயக்க நிலையில் செய்யப்படும் அறுவைகளுக்காக அறுவை அறைகளில் காமிரா பொருத்த வேண்டும் என்னும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: நோயாளியோ அவர் குடும்பத்தாரோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். சட்டம் இருந்தும், கேட்கும் பொறுப்பு நம்முடையதே.

கேட்க வேண்டியவை

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இவ்வெண்ணம் இருக்குமாயின், முதலில் காரணத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை, மெல்ல இயலாமை, விபத்தால் வந்த கோணல் ஆகியவை மருத்துவத் தேவைகள். அவற்றுக்குத் தயங்க வேண்டுவதில்லை. அகன்ற தாடைக்கு எலும்பன்றி, மெல்லும் தசையின் பருமனே காரணமாயிருப்பதும் உண்டு. அவ்வாறாயின் எலும்பைத் தொடவே தேவையில்லை. வளரும் பருவத்தினர், எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு மருத்துவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள்: கத்தியைப் பிடிக்கப்போவது தாங்கள்தாமா? தொடக்கம் முதல் இறுதிவரை அருகிலேயே இருப்பீர்களா? மயக்க மருந்து நிபுணர் முழுநேரமும் உடனிருப்பாரா? இரத்தம் தேவைப்பட்டால் உடனே கிடைக்குமா? நிலைமை மோசமானால் எந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வீர்கள்? சி.டி. ஸ்கேனில் என் நரம்பு எங்கே ஓடுகிறது என்று காட்டுவீர்களா?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் உங்கள் முகத்தை ஒப்படைக்காதீர்கள். உங்கள் தரப்பிலும், உண்ணும் மருந்துகள், நாட்டு மருந்துகள், புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் புகையும் இங்கே பெருந்தீங்கு விளைவிக்கும்.

வெட்டிய முடி வளரும். இளைத்த உடல் தேறும். அறுத்தெடுத்த தாடையெலும்போ மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே முடிவெடுக்க ஓராண்டு ஆனாலும் ஆகட்டும், அவசரம் வேண்டாம். அம்மாணவரின் தாய்க்கு நேர்ந்த நிலை வேறெந்தத் தாய்க்கும் வாராதிருக்கட்டும்.